மழைக்கு முன் அம்மாவுக்கு ஒரு ஃப்ளூ ஊசி: எதைப் போடுவது, யாருக்குப் போடுவது?

போன வருடம் ஜூன் மாதம். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கம் மழை ஒரு வாரமாக விடவில்லை. முதலில் தங்கச்சியின் மகன் பள்ளிக்கூடத்தில் இருந்து இருமலோடு வந்தான். இரண்டு நாள் படுத்தான், மூன்றாம் நாள் இஸ்தோப்பில் பந்து அடித்துக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், பெனடோல் கொடுத்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் அப்பாடா என்று இருந்தோம். ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "இன்ஃப்ளுவென்சாவில் தொடங்கியது, இப்போ நிமோனியா" என்றார் வாட்டு டொக்டர். ஒன்பது நாள் வாட்டில் இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பீலிக்கரை வரை நடந்து போய்வர இரண்டு மாதம் பிடித்தது. 32 வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால்கள் அவை.

இந்த வருடம் அம்மாவுக்கு 69 வயது. சீனி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போடுவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு எடுத்தால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் தம்பி, "போட்டா வெளிநாட்டில வயசானவங்களுக்குப் போடுற பவர் கூடின ஊசியத்தான் போடணும் அண்ணே, சும்மா ஊசி வேஸ்ட்" என்கிறான். தங்கச்சிக்கு நம்பிக்கை இல்லை: "பக்கத்துக் காம்பரா பெரியம்மா போட்டாங்க, அவங்களுக்கும்தான் சளி வந்துச்சு." அம்மாவோ, "கொரோனாவுக்கு மூணு ஊசி போட்டாச்சு, அது போதாதா?" என்கிறார். நான் இரண்டு மாதமாகத் தேடித்தேடிப் படித்தேன், டொக்டர்மாரிடம் கேட்டேன். எங்களைப் போல மலையகத்தில் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் சுலபம். கொரோனாவும், ஃப்ளூ என்று நாம் சொல்லும் இன்ஃப்ளுவென்சாவும் வேறு வேறு கிருமிகள். ஒன்றுக்குப் போட்டது மற்றதைத் தடுக்காது. தங்கச்சியின் கேள்விக்கும் அதில் பாதிப் பதில் இருக்கிறது. சளி, தடிமன், இருமல் என்று நாம் சொல்வதற்கெல்லாம் பின்னால் பல கிருமிகள் இருக்கின்றன. ஃப்ளூ ஊசி அதில் ஒரு குடும்பத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். பெரியம்மாவுக்கு வந்தது வேறு தடிமனாக இருந்திருக்கலாம். ஃப்ளூவாகவே இருந்திருந்தாலும், அவர் வாட்டுக்குப் போகாமல் நாலு நாளில் எழுந்து அடுப்படிக்கு வந்ததை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, ஒன்றுமே போடாமல் விட்டால் என்ன? நம் ஊரில் பெரும்பாலானோர் செய்வது அதுதான். பிள்ளைகளின் ஊசிகளைப் போல இது கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பதில்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், அதுவும் ஒரு நாள் சம்பளத்தில் அடங்காத காசு. அதனால் போடாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போடாமல் விடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. வயது ஏற ஏற உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் தளர்கிறது. இளம் ஆட்களுக்கு ஃப்ளூ ஒரு வாரத்து நோவு. முதியவர்களுக்கு ஆபத்து காய்ச்சல் விட்ட பிறகுதான் வருகிறது. நுரையீரல் மட்டுமல்ல, இதயமும் மாட்டிக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரிசோதனையில் ஃப்ளூ என்று உறுதியானவர்களுக்கு அடுத்த ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே ஆட்களின் மற்ற நாட்களை விட ஆறு மடங்காக இருந்தது. 'சளியோட இருந்தார், திடீர்னு நெஞ்சு வலி' என்று நம் லயங்களில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

சாதாரண ஊசி எவ்வளவு காப்பாற்றும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் குழு, முதியவர்களிடம் நடந்த சோதனைகளை 2018-ல் தொகுத்தது. ஒரு ஃப்ளூ பருவத்தில் ஊசி போடாத 100 முதியவர்களில் 6 பேருக்கு ஃப்ளூ வந்தால், போட்ட 100 பேரில் சுமார் 2.4 பேருக்கு வருகிறது. அதாவது ஒருவருக்கு ஃப்ளூ வராமல் தடுக்க சுமார் 30 பேர் ஊசி போட வேண்டும். இந்தச் சோதனைகள் பழையவை, சிறியவை, எனவே முடிவில் உறுதி குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் இதை எங்கள் தோட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மேல் லயம், கீழ் லயம், தொங்க லயம் மூன்றிலும் 60 வயது தாண்டியவர்களை எண்ணினால் ஏறக்குறைய 30 பேர் வருவார்கள். எல்லோரும் போட்டால் ஒரு பருவத்தில் ஒருவர் தப்புவார். அது சின்ன விஷயம் என்று சொல்ல என்னால் முடியாது. அந்த ஒருவர் போன வருடம் என் அம்மாவாக இருந்திருக்கலாம்.

எல்லா வருடமும் ஊசி ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளூ கிருமி உருமாறிக்கொண்டே இருக்கும். வரப்போகும் பருவத்து ஊசியில் எந்தெந்த வகை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பல மாதம் முன்கூட்டியே சொல்லிவிடும். வட அரைக்கோளத்துக்கு பெப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்கு செப்டெம்பரில். இடையில் கிருமி வேறு பக்கம் திரும்பினால் ஊசியின் பலன் குறையும். பல வருட ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல் வெளிவந்த ஒரு கணக்கில், ஊசியின் பலன் எச்1என்1 வகைக்கு எதிராக 61 சதவீதம், பி வகைக்கு எதிராக 54 சதவீதம், எச்3என்2 வகைக்கு எதிராக 33 சதவீதம். முதியவர்களை அதிகம் படுக்கவைப்பது அந்தக் கடைசி வகைதான். வேதனையான பொருத்தம் இது. எனவே 'பாதிக் காப்பு, சில வருடம் அதிலும் குறைவு' என்று மனதில் வைத்துக்கொண்டு போடுவதே நேர்மை. முழுக் காப்பு என்று நம்பிப் போடுகிறவர்தான் அடுத்த வருடம் தங்கச்சி மாதிரி வெறுத்துப்போகிறார்.

இந்த இடத்தில் மிகைப்படுத்திய கணக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ளூ ஊசி முதியவர்களின் மரணத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று ஒரு காலத்தில் பரவலாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயது தாண்டிய 72,527 பேரின் பதிவுகளைச் சில ஆய்வாளர்கள் பார்த்து, 2006-ல் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்கள் குறைவாக இறந்தது உண்மை. ஆனால் ஃப்ளூ பருவம் தொடங்கும் முன்பே, ஃப்ளூவே இல்லாத மாதங்களிலேயே அவர்கள் குறைவாக இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் மலையகத்தில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். எங்கள் தோட்டத்தில் இருந்து ஊசி போடப் போக வேண்டுமென்றால் மேடு இறங்கி மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். அப்படிப் போகக்கூடியவர் ஏற்கெனவே திடமானவர். படுக்கையில் கிடக்கும் தாத்தா போடவே மாட்டார். இருவரையும் ஒப்பிட்டு, வித்தியாசம் எல்லாம் ஊசியால் வந்தது என்று சொன்னால் கணக்கு பிழைக்கும். அதனால்தான் சீட்டுக் குலுக்குவது போல ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகளை நான் அதிகம் நம்புகிறேன்.

அப்படி ஒரு சோதனை என்னை இந்தப் பக்கம் சாய்த்தது. மாரடைப்போ கடும் இதய நோயோ வந்து ஆஸ்பத்திரியில் இருந்த 2,571 பேரை, பங்களாதேஷ் உட்பட எட்டு நாடுகளில், இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஃப்ளூ ஊசி, மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர். ஒரு வருடத்துக்குள் ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதமும், போடாதவர்களில் 4.9 சதவீதமும் இறந்தார்கள். 2021-ல் வெளிவந்த முடிவு இது. அவர்களின் சராசரி வயது 60. வீட்டில் இதய நோயாளி யாராவது இருந்தால், மற்ற எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் இதை வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

இனி தம்பி சொன்ன பவர் கூடிய ஊசி. சாதாரண ஊசியில் ஒவ்வொரு வகைக் கிருமிக்கும் 15 மைக்ரோகிராம் மருந்துப் பொருள் இருக்கும். உயர் அளவு ஊசியில் 60, நான்கு மடங்கு. இன்னொரு வகையில் அளவைக் கூட்டாமல், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் துணைப் பொருளைச் சேர்ப்பார்கள். மூன்றாவது ஒன்று முட்டையில் வளர்க்காமல் மரபணு முறையில் தயாரிப்பது, அதில் 45 மைக்ரோகிராம். அமெரிக்கா 2022 முதல் 65 தாண்டியவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றையே முதலில் தேடச் சொல்கிறது. ஆகவே தம்பி சொன்னது ஆதாரம் இல்லாத பேச்சு இல்லை.

ஆனால் எண்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 65 தாண்டிய சுமார் 32,000 பேரிடம் நடந்து 2014-ல் வெளிவந்த சோதனையில், சாதாரண ஊசி போட்டவர்களில் 1.9 சதவீதம் பேருக்கும் உயர் அளவு போட்டவர்களில் 1.4 சதவீதம் பேருக்கும் ஃப்ளூ வந்தது. விளம்பரத்தில் இதை '24 சதவீதம் கூடுதல் பாதுகாப்பு' என்று எழுதலாம், பொய்யும் இல்லை. வேறு மாதிரிச் சொன்னால், சாதாரண ஊசிக்குப் பதில் உயர் அளவை சுமார் 200 பேருக்குப் போட்டால் கூடுதலாக ஒருவர் தப்புகிறார். அப்புறம் 2025-ல் டென்மார்க்கில் இருந்து இன்னும் பெரிய சோதனையின் முடிவு வந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முதியவர்கள், மூன்று பருவங்கள். ஃப்ளூ அல்லது நிமோனியாவால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உயர் அளவு போட்டவர்களில் 0.68 சதவீதம், சாதாரண ஊசி போட்டவர்களில் 0.73 சதவீதம். உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. ஃப்ளூவால் மட்டும் அனுமதிக்கப்பட்டவர்களைப் பிரித்துப் பார்த்தபோது உயர் அளவுப் பக்கம் குறைவாக இருந்தது. கையில் கிடைத்தால் நல்லதுதான். ஹட்டனிலும் கண்டியிலும் நான் கேட்ட இடங்களில் இருந்ததெல்லாம் சாதாரண அளவு ஊசி. ஒன்றுமே போடாததற்கும் சாதாரண ஊசிக்கும் இடையில் உள்ள தூரம் பெரியது. சாதாரணத்துக்கும் உயர் அளவுக்கும் இடையில் உள்ள தூரம் சிறியது. பெரிய ஊசி வரட்டும் என்று காத்திருந்து ஒரு மழைக்காலத்தை இழப்பது தப்பு என்பதே என் முடிவு.

நாலு வகைக்கு எதிரான ஊசி மூன்று வகைக்கானதை விட உசத்தி என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்த நாலாவது, பி வகையின் யமகாட்டா கிளை, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் உறுதியாக எங்கும் காணப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமே அதை இனிச் சேர்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

இந்தத் தேடலில் நான் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்த விஷயம் ஒன்று உண்டு. அம்மாவுக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? பேரனிடம் இருந்து. அப்படியானால் கூடுதல் காசை அம்மாவின் ஊசியில் போடாமல் பேரனின் ஊசியில் போட்டால்?

கனடாவின் மேற்கு மாகாணங்களில் ஹட்டரைட் என்ற ஒரு கிறிஸ்தவச் சமூகம் இருக்கிறது. தனித்தனிக் குடியிருப்புகளாக, பொதுச் சாப்பாடு, பொது வேலை என்று ஒன்றாக வாழ்பவர்கள். வெளியாருடன் கலப்பது குறைவு, தமக்குள் நெருக்கம் அதிகம். படித்ததும் எனக்கு நம் லயங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஒரே காம்பராவில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் படுப்பார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க மாட்டோம். விறகு அடுப்புப் புகையும் சேர்ந்துகொள்ளும். பகலில் கைக்குழந்தைகள் எல்லாம் பிள்ளைக் காம்பராவில் ஒன்றாக இருக்கும்.

2008 கடைசியில் அவர்களின் 49 குடியிருப்புகளைக் குலுக்கிப் பிரித்து, சிலவற்றில் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியும், மற்றவற்றில் சம்பந்தமில்லாத மஞ்சட்காமாலை ஊசியும் போட்டார்கள். பெரியவர்களை அப்படியே விட்டார்கள். பருவம் முடிந்ததும் ஊசியே போடாதவர்களை எண்ணினார்கள். பிள்ளைகள் ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில் 3.1 சதவீதம் பேருக்கு ஃப்ளூ, மற்றவற்றில் 7.6 சதவீதம். பிள்ளைகளின் கையில் போட்ட ஊசி, போடாதவர்களுக்கு 61 சதவீதக் காப்புக் கொடுத்தது. முதியவரின் உடம்பு ஊசிக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை, பிள்ளைகளின் உடம்பு நன்றாகப் பதில் சொல்லும். அந்தத் திடமான உடம்பை வேலியாக நிறுத்தும் வழி இது.

இதில் ஒரு தடை இருக்கிறது. அங்கே நூற்றுக்கு 80-க்கு மேல் பிள்ளைகள் ஊசி போட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு பையனுக்குப் போட்டால் அந்த 61 கிடைக்காது, அடுத்த காம்பராவில் இருந்து கிருமி வரத்தான் செய்யும். இன்னொரு விஷயம், ஒன்பது வயதுக்குக் கீழ் முதல் முறை போடும் பிள்ளைகளுக்கு நான்கு வாரம் விட்டு இரண்டு ஊசி வேண்டும். செலவு இரட்டிப்பு. என்றாலும் அம்மாவின் பாயிலேயே படுத்துத் தூங்குகிறவன் அவன்தான். முதலில் அம்மாவுக்கு ஒரு சாதாரண ஊசி, மிச்சக் காசு இருந்தால் அதே காம்பராவில் படுக்கும் பிள்ளைக்கு என்பது, அம்மாவுக்கு மட்டும் விலை கூடிய ஊசி தேடுவதை விட எங்கள் வீட்டுக்குப் பொருத்தம். தோட்டத்து நலன்புரிக் குழுக்களும் கோவில் கமிட்டிகளும் திருவிழாவுக்குக் காசு சேர்ப்பது போல இதற்கும் சேர்த்து ஒரு லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டால் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருக்கிறது.

நிமோனியா ஊசியும் ஒரு தெரிவுதான். அது ஃப்ளூ கிருமிக்கு எதிரானது அல்ல, நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரானது. நெதர்லாந்தில் 65 தாண்டிய சுமார் 84,500 பேரிடம் நடந்த சோதனையில், அந்த ஊசி தான் குறிவைத்த வகைகளால் வரும் நிமோனியாவை ஏறக்குறைய 45 சதவீதம் குறைத்தது. ஒவ்வொரு வருடமும் போடத் தேவையில்லை என்பது பெரிய வசதி, விலை கூட என்பது தடை. எங்களுக்கு அது அடுத்த வருடக் கணக்கு. ஃப்ளூ வந்த பிறகு கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரையும் இருக்கிறது. ஆனால் நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மழையில் ரோடு இடிந்து கிடக்கும் நாளில் தோட்டத்து மேல் பிரிவில் இருந்து இரண்டு நாளுக்குள் டொக்டரைப் பார்ப்பதை நம்பி ஊசியை விட முடியாது.

எப்போது போடுவது என்பதில் நம் நாட்டுக் கணக்கு வேறு. குளிர் நாடுகளில் ஃப்ளூவுக்கு ஒரு பருவம், இலங்கையில் பொதுவாக இரண்டு. ஏப்ரலில் இருந்து ஜூலை வரை ஒன்று, நவம்பரில் இருந்து ஜனவரி வரை இன்னொன்று. நம் வாழ்க்கையோடு பார்த்தால் இரண்டும் ஊருக்கு ஆள் வரும் காலங்கள். சித்திரை வருடப் பிறப்புக்குக் கொழும்பில் இருந்து பிள்ளைகள் வருவார்கள், அதன் பின்னாலேயே தென்மேற்கு மழை. தீபாவளியில் இருந்து பொங்கல் வரை மறுபடியும். ஊசி போட்டு உடம்பு தயாராக இரண்டு வாரம் வேண்டும். காப்பு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும், முதியவர்களுக்கு இன்னும் வேகமாக. வருடத்தில் ஒரு ஊசிக்குத்தான் காசு என்றால் நான் மார்ச் கடைசியைத் தேர்ந்தெடுப்பேன். பெட்டியில் எந்த அரைக்கோளத்து, எந்த வருடத்து ஊசி என்று இருக்கும், காலாவதித் திகதியும் இருக்கும். கேட்டுப் பார்த்துப் போட வேண்டும். முடிந்துபோகும் பருவத்தின் மிச்ச ஊசியை விட புதிதாக வந்ததே நல்லது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. இரண்டு வருடம் முன் ஒரு சொந்தக்காரர் தன் அப்பாவுக்காக, எனக்கு மாமா அவர், தலைநகரில் ஒரு பார்மசியில் ஊசியை வாங்கி, பொலித்தீன் பையில் ஐஸ் கட்டியோடு சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்தார். விற்றவர்கள் எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடேறினாலும் கெடும், ஐஸில் ஒட்டி உறைந்தாலும் கெடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் அதைப் பார்த்த மருத்துவ உதவியாளர் போட மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. காசு போனது, அந்த வருடம் மாமாவுக்கு ஊசியும் இல்லை. வாங்கிக்கொண்டு வருவதை விட, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கும் இடத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போவதே வழி.

பயப்படுகிறவர்களுக்கு: கையில் போடும் இந்த ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் ஊசியே ஃப்ளூவைக் கொண்டுவராது. கை வலி, உடம்பு அசதி, லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். முன்பு இந்த ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது, அன்றைக்குக் காய்ச்சல் அடிப்பவர்கள் தள்ளிப்போட வேண்டும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள், என்னென்ன மாத்திரை குடிக்கிறார் என்று டொக்டர் பார்க்கட்டும். ஊசி போட்டிருந்தாலும், வயதானவர் மூச்சு வாங்கினால், சாப்பிடாமல் கிடந்தால், பேச்சுக் குழம்பினால், காய்ச்சல் பெரிதாக இல்லை என்று காத்திருக்க வேண்டாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலே நோய் முற்றிவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. பேரனுக்கு ஏழு வயது, எனவே அவனுடைய முதல் ஊசி பெப்ரவரி கடைசியில். இரண்டாவது மார்ச் கடைசியில், அம்மாவின் ஊசியோடு ஒரே நாளில், ஒரே ஆட்டோவில். தம்பி பாதிச் செலவை அனுப்புகிறான். தங்கச்சி அரை மனதோடு சரி என்றாள். அம்மா கேட்டது ஒன்றுதான்: ஊசியை இடது கையில் போடச் சொல்ல வேண்டுமாம். வலது கை வலித்தால் போஞ்சிக்கு மண் அணைக்க முடியாதாம்.